வலை அடித்த ஜன்னல்

மினிபஸ்ஸின் எஞ்சினுக்குள்ளிருந்து
அதை இழுத்தெடுத்தவன் டிரைவர் ஓதியா.
கிரீஸ் அப்பிய, ஒரு கையளவு அலறல்.
வாலில் பாதியை விசிறிப் பட்டை தின்றிருந்தது.
"நீ மருந்துக்கடைக்காரிதானே?" என்று
என் கல்லாப்பெட்டி அருகில் வைத்துவிட்டு
பாதுமிக்கு ஆளேற்றப் போய்விட்டான்.
மருந்துக்கடைக்காரி என்றால்
எல்லாவற்றுக்கும் களிம்பு வைத்திருப்பாள் என்று
குதாயிசி முழுக்க ஒரு நினைப்பு.

பதினோரு வாரம் என் குளியலறையில்.
தொட்டிக்கு அடியில் அது.
தொட்டிக்குள், குழாயைத் திறக்காமல்,
கோட்டைக் கழற்றாமல், நான்.
தெருவில் எந்த வண்டி உறுமினாலும்
கீழே நகங்கள் ஓட்டைப் பிறாண்டும்.
தும்மித் தும்மிச் சிவந்த மூக்கோடு
கதவுக்கு வெளியே என் கணவர்: "எப்போது?"
"பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்,
பெண்ணுக்கு வரன் தேடுகிறவளைப் போல.

வரன்கள் வந்தார்கள்.

சுங்க அலுவலகத்து நுக்சார்
மகளுக்கு வெள்ளைப் பூனைதான் வேண்டுமென்றார்.
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து,
"கழுவினால் வெளுக்குமா?"

விடுதி நடத்தும் சியாலாவின் கேள்வி
எலி பிடிக்குமா என்பது.
எலி வந்தால் இது நகர்ந்து
இடம் கொடுக்கும் என்றேன்.

அப்புறம் அந்தச் சின்ன ஜோடி.
தரையில் முழங்காலிட்டார்கள்,
கோழி ஈரலை வேகவைத்துத் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்,
குரலைத் தாழ்த்தத் தெரிந்தவர்கள்.
பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.
கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்:
"ஏப்ரலில் போலந்து, வேலைக்கு. அதுவரை கண்ணாகப் பார்த்துக்கொள்வோம்."
அதுவரை.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
என் பையன்கள் இரண்டு பேரும்
'சம்மர் வரும் வரை' என்றுதான் போனார்கள்,
எத்தனையோ சம்மர் ஆயிற்று.
பெட்டியைத் திரும்ப அலமாரிமேல் வைத்தேன்.

பாய்லரைப் பழுது பார்க்க வந்த வாஜா
ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான்.
எடுக்கத் தொட்டிக்கடியில் கைவிட்டவன்
கையை வெளியே எடுக்கவில்லை.
கன்னம் ஈர ஓட்டில்,
கண் சுவரில்,
நாற்பது நிமிடம்.
"என்ன ஆச்சு?" என்றேன்.
"மேலே படுத்திருக்கிறது" என்றான் உதடு அசையாமல்.

என் கேள்வித்தாளை எடுத்தேன்.
புகைப்பீர்களா? ஆமாம்.
எந்த மாடி? ஐந்து.
ஜன்னலில் வலை? எதற்கு வலை?
பகலில் வீட்டில் யார்?
கொஞ்சம் யோசித்து, "ஃப்ரிட்ஜ்."

"தர முடியாது" என்றேன்.
"நான் கேட்கவே இல்லையே" என்றான்.

ஒன்பதாம் நாள் போன்.
"அடித்தாகிவிட்டது. வந்து பாருங்கள்."

அந்த லிஃப்டில் காசு போட்டால்தான் மேலே போகும்.
சில்லறை இல்லை, நடந்தேன்.
கோழிக்கூண்டுக் கம்பிவலை,
ஒரு ஜன்னலுக்கு இருபது ஆணி போதும்,
நான் அறுபத்திரண்டு வரை எண்ணி விட்டுவிட்டேன்.
கழிப்பறையின் கையகல ஓட்டையிலும் வலை.
வெளியே ரியோனி ஆறு
கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருந்தது.
சாம்பல் கிண்ணம் பால்கனிக்குப் போயிருந்தது.
அவன் கட்டைவிரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப்.
பையிலிருந்து களிம்பை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.

"பகலில்?" என்று மறுபடி கேட்டேன்.
"மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவேன்" என்றான்.
"இதுவரை வந்ததில்லை. இனி."

நேற்று முதல் போட்டோ அனுப்பினான்.
ஒரே இருட்டு. கீழே ஒரு வரி:
கட்டிலுக்கடியில் இருக்கிறது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒரு செருப்பு தெரிந்தது,
அதன்மேல் பாதி வாலாகவும் இருக்கலாம்,
தூசியாகவும்.

என் கணவருக்குத் தும்மல் நின்றுவிட்டது.
நான் இன்னும் குளியலறைக் கதவை
ஒரு பாத அகலம்தான் திறக்கிறேன்,
இடுக்கில் காலை வைத்து மறித்தபடி.